நாயின் பற்றுவரவு

புற்றுநோய் வைத்தியத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் நாய்க்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் தருவதில்லை. விஞ்ஞானியின் பெயர் வரும், மருந்தின் பெயர் வரும், முதல் நோயாளியின் தலையெழுத்தாவது வரும். நாய் மட்டும் 'பிராணிகளில் சோதித்த பின்னர்' என்ற சொற்றொடருக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் உத்தேசம். கருணையைப் பற்றிப் பேச எனக்கு விசேஷத் தகுதி எதுவும் கிடையாது. வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன். பற்று ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போக, எதிர்ப்பக்கம் வெற்றாகக் கிடக்கும் கணக்கைப் பார்த்தால் உறுத்துகிறது, அவ்வளவுதான்.

விஷயத்தைக் குறுக்கிக்கொள்கிறேன். காலெலும்பில் வரும் புற்று. அந்தக் காலை வெட்டிய பிறகு ரத்தத்தில் ஏற்றும் மருந்து. ஆஸ்டியோசார்கோமா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோய் மனிதரில் பெரும்பாலும் வளரும் வயதுப் பிள்ளைகளைப் பிடிக்கிறது. முழங்காலை ஒட்டிய எலும்பில் அதிகம். நாய்களில் பெரிய உடம்புள்ள ஜாதிகளை நாடுகிறது: கிரேட் டேன், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட். பின்னங்காலைவிட முன்னங்காலில் கூடுதல். முழங்கைக்கு விலகிய இடம், முழங்காலுக்கு நெருங்கிய இடம் என்று கால்நடை வைத்தியம் படிக்கிற மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். முதலில் நொண்டல். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்க்கிறார்கள். பிறகு வீக்கம். எக்ஸ்ரே எடுக்கும்போது எலும்பு ஒரே சமயத்தில் அரிக்கப்பட்டும் கண்டபடி வளர்ந்தும் காணப்படும். அதற்குள் பத்தில் ஒன்பது நாய்களில் நோய் நுரையீரலில் விதை போட்டுவிட்டிருக்கும். படத்தில் தெரியாத அளவு சிறிய விதை. காலை வெட்டுவதால் வலி போகிறது. உயிரை எடுப்பது நுரையீரல்தான். ஆகவே வெட்டு வலிக்கு, மருந்து நுரையீரலுக்கு. இந்த வேலைப் பிரிவினை புரியாமல் இந்தச் சரித்திரம் புரியாது.

புற்றைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவந்ததே ஒரு நாய்தான் என்று சொன்னால் மிகையாகாது. 1876ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நோவின்ஸ்கி என்ற கால்நடை வைத்தியர் ஒரு நாயின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை இன்னொரு நாய்க்குட்டியின் உடம்பில் வைத்து வளரச் செய்தார். ஒரு உடம்பின் புற்று இன்னொரு உடம்பில் பிடிக்கும் என்று நிரூபித்த முதல் சோதனை இது. அதற்கு முன் புற்றை நோயாளியின் படுக்கையருகிலும் பிணத்தின் மேஜையிலும்தான் பார்க்க முடிந்தது. நோவின்ஸ்கியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. குட்டிக்குப் பெயர் இருந்ததாகத் தகவல் இல்லை.

இங்கிருந்து நம் ஊர்ப் பக்கம் வரலாம். நான் இதை எழுதும் வல்லத்திராக்கோட்டை, தொண்டைமான்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்த ஊர். வானம் பார்த்த பூமி. அதே சமஸ்தானத்தின் தலைநகரில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி, மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கு நடுவே ஒரு பெண் படிப்பதா என்ற கூச்சலைத் தாண்டிப் படித்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கூட இருந்து பார்த்தவர். தேவதாசி ஒழிப்புக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறோம், நியாயம்தான். ஆனால் அடையாற்றில் 1952ல் நேரு அடிக்கல் நாட்டி, 1954 ஜூன் 18ம் தேதி 12 படுக்கைகளுடன் திறந்த புற்றுநோய் ஆஸ்பத்திரியும் அவருடைய பிடிவாதத்தின் பலன். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பது அன்று படித்தவர்களுக்குள்ளேயே சகஜமாக நடமாடிய எண்ணம். இந்த எண்ணத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு உடை போட்டுக்கொண்டு மறுபடி வரும்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த இன்னொருவர் எல்லாப்ரகட சுப்பாராவ். கதர் உடுத்தி ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்தியைச் சம்பாதித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். என்ற சின்னப் பட்டத்துடன் வெளியே வந்தார். 1922ல் பாஸ்டன் போனவர் திரும்பி வரவில்லை. லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. பிறகு அதன் போலியையும் தயாரித்தது. உயிரணு உண்மையென்று நம்பி விழுங்கிவிட்டுப் பெருக முடியாமல் நிற்கும். இந்தப் போலிகளில் ஒன்றான அமினாப்டெரினை ரத்தப்புற்று கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது என்று சிட்னி ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். அந்த ஆண்டு மார்ச்சில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனில் கரைந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார், 53 வயதில். அமினாப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்ஸேட். எலும்புப் புற்றின் கதைக்குள் நுழைவது அதுதான்.

1970களின் தொடக்கம் வரை எலும்புப் புற்று வந்த பிள்ளைக்குக் காலை வெட்டுவதுதான் வைத்தியம். வெட்டிய பிறகும் ஐந்தில் நால்வர் போய்ச் சேர்ந்தார்கள். 1973 நவம்பரில் அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடியின் 12 வயது மகனுக்கு வலது கால் எடுக்கப்பட்டது. தொடர்ந்து பாஸ்டனில் மிகப் பெரிய அளவில் மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றினார்கள். அந்த அளவு மருந்து ஆளையே கொல்லும். குறித்த நேரத்தில் மாற்று மருந்து கொடுத்து மீட்க வேண்டும். 1974ல் ஒரே மருத்துவப் பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன: ஒன்று மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றி, மற்றது இத்தாலிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரின் வழியாக வந்து, ஏட்ரியாட்டிக் கடலின் பெயரை வைத்துக்கொண்ட ஏட்ரியாமைசினைப் பற்றி. கால் வெட்டிய பின் மருந்து ஏற்றினால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்றன இரண்டும். சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1986ல் 36 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனை வெளிவந்த பிறகு வாய் அடைத்தது. இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வெட்டு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 17. மருந்தும் பெற்றவர்களில் நூற்றுக்கு 66.

மூன்றாவது மருந்து சிஸ்பிளாட்டின். 1965ல் மிச்சிகனில் ரோஸன்பர்க் பாக்டீரியாக்களின்மேல் மின்சாரத்தின் விளைவைப் பார்க்கப்போய், அவை பிரியாமல் நூல் நூலாக நீள்வதைக் கண்டார். காரணம் மின்சாரம் இல்லை; மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். இந்த உலோக மருந்து கட்டியைக் கரைத்தது, கூடவே சிறுநீரகத்தையும் கெடுத்தது. கைவிட்டுவிடலாம் என்ற கட்டத்தில், நரம்பு வழியே ஏராளமாக உப்புநீர் ஏற்றி, சிறுநீரைப் பெருக்கி மருந்தை அலசி வெளியேற்றினால் சிறுநீரகம் தப்பும் என்று கண்டுகொண்டார்கள். 1970களில் இதைத் தெளிவுபடுத்திய சோதனைகள் நாய்களில் நடந்தன. 1978ல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி. இன்று எந்த ஊர்ப் புற்றுநோய் வார்டிலும் சிஸ்பிளாட்டினுக்கு முன் நர்ஸ் மாட்டும் உப்புநீர்ப் புட்டிக்குப் பின்னால் நாய்களின் சிறுநீரகங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் அதே புட்டிதான்.

பிறகுதான் சக்கரம் திரும்பியது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குள் மனிதர்களுக்கு வரும் இந்த நோய், அங்கே பத்தாயிரத்துக்கு மேல் நாய்களுக்கு வருகிறது. சோதனைக்காகக் கூண்டில் வளர்த்த நாய்களுக்கு இல்லை. வீட்டு நாய்களுக்குத் தானாக வருவது. மனித நோயின் அச்சு; ஆனால் வேகம் அதிகம், ஆகவே விடை சீக்கிரம் கிடைக்கும். 1980களில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாய்களின் காலை வெட்டாமல் கெட்ட எலும்பை மட்டும் எடுத்து மாற்றெலும்பு வைக்கும் முறையைப் பழகினார்கள். பிள்ளைகளின் காலைக் காப்பாற்றும் அறுவை வைத்தியத்துக்கு அது பாடமாயிற்று. கால் வெட்டிய நாய்களில் 1980களில் பலன் காட்டிய ஒரு தடுப்பாற்றல் மருந்து, 2009ல் ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கு அனுமதி பெற்றது. இந்தத் தடவை நாய் நோயாளியாகவும் இருந்தது, சாட்சியாகவும் இருந்தது. வரவுப் பக்கத்தில் விழுந்த முதல் பதிவு என்று இதைச் சொல்லலாம்.

நாய்க்கு என்ன கிடைத்தது? காலை மட்டும் வெட்டிய 162 நாய்களின் கணக்கு 1992ல் வெளியாயிற்று. பாதி நாய்கள் சுமார் 19 வாரத்துக்குள் இறந்தன. ஓர் ஆண்டைத் தாண்டியவை நூற்றுக்கு 11 சொச்சம். இரண்டாண்டைத் தாண்டியவை நூற்றுக்கு 2. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கார்போபிளாட்டினோ ஏட்ரியாமைசினோ நான்கு முதல் ஆறு தடவை ஏற்றினால், இந்த நாலைந்து மாதம் பத்துப் பன்னிரண்டு மாதமாகிறது. ஐந்தில் ஒன்று இரண்டாண்டைப் பார்க்கலாம். பிள்ளைகள் பிழைக்கிறார்கள், நாய்க்குத் தவணை நீள்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கும் அளவை நாய்க்குக் கொடுப்பதில்லை என்பதும் ஒரு காரணம். வாந்தியும் காய்ச்சலுமாக நாயைப் போட்டு வதைக்கக் கூடாது என்பது கால்நடை வைத்தியத்தின் விதி. முடிகூடப் பெரும்பாலும் கொட்டுவதில்லை. மூன்று காலில் நடப்பது எஜமானனுக்குத்தான் தாங்க முடியாத காட்சி. நாய் சில நாளில் பழகிக்கொள்கிறது. அதற்கு அங்கஹீனம் என்ற சொல் கிடையாது.

இதெல்லாம் கொலராடோவுக்கும் பாஸ்டனுக்கும் சரி, வல்லத்திராக்கோட்டையில் என்ன என்று கேட்கலாம். நம் தெருநாய்க்கும் ஒரு கீமோதெரபி உண்டு, பலருக்குத் தெரியாது. நோவின்ஸ்கி நட்டுப் பார்த்தது, இணை சேரும்போது நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் குறிப்புற்று. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் ஏதோ ஒரு நாயில் தோன்றிய உயிரணுக்கள்தாம் இன்றும் உடம்பு விட்டு உடம்பு மாறி உயிரோடிருக்கின்றன என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. இதற்கு வாரம் ஒரு ஊசியாக நாலைந்து வாரம் வின்கிரிஸ்டின் போட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிறது. வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வருவது; சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிவைத்த செடி. தென்மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் பயிராகி, காய்ந்த இலையும் வேருமாக மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய செடி. தெருநாயின் மருந்து வேலியோரத்தில் பூத்துக்கொண்டிருந்தது. நாம் அதற்குப் பிணத்தின் பெயரை வைத்திருந்தோம்.

எலும்புப் புற்று வேறு ரகம். அதற்குப் பெரிய நாய் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903ல் 20 மாணவர்களோடு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியை எங்கள் ஊர்க்காரர்கள் வேறு தேசமாகத்தான் நினைத்தார்கள். 2012ல் ஒரத்தநாட்டில் ஒரு கல்லூரி வந்த பிறகு தேசம் கொஞ்சம் நெருங்கியது. கடல் கடந்து போனவர்களின் பணத்தில் எழும்பிய வீடுகளில் ராட்வைலர்களும் வந்துவிட்டன.

இரண்டு வருஷம் முன்பு ஒரு பெரியவர் எங்கள் கிளைக்கு நகைக்கடனுக்கு வந்தார். அவருடைய நாய் ராஜபாளையத்துக் கலப்பு. முன்னங்கால் வீங்கி, எலும்பில் புற்று என்று சொல்லியிருந்தார்கள். "காலை எடுத்துட்டு அப்புறமா மருந்து ஏத்தணுமாம் தம்பி." விண்ணப்பத்தில் கடனின் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. என்ன எழுதட்டும் என்றேன். "மாட்டுக்குக் குடுக்கிறீக, ஆட்டுக்குக் குடுக்கிறீக. நாய்னு எழுதுனா குடுக்க மாட்டீகளா?" மருத்துவச் செலவு என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாய் பதினோரு மாதம் இருந்தது. கடைசி மூன்று வாரம் இருமல். பெரியவர் நகையைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவர் கேட்டது பெரிய கேள்வி. கறவை மாட்டுக்குக் கடன் உண்டு, காதில் வில்லை மாட்டி இன்ஷூரன்ஸ் உண்டு. மாடு செத்தால் வில்லையோடு காதைக் காட்டினால் பணம். 'கால்நடை' என்ற சொல்லே மாட்டையும் ஆட்டையும் எண்ணி உண்டானது. ஆட்டுக்கிடையைக் காக்கிற நாய் இல்லாமல் ஆடு நிலைக்காது. ஆனால் ஆட்டுக்கு மதிப்பு உண்டு, நாய்க்கு மதிப்பு சூன்யம். மதிப்பு சூன்யமான ஒன்றுக்குச் செலவு செய்கிறவனை ஊர் பைத்தியக்காரன் என்கிறது. 'மனுஷனுக்கே வைத்தியம் இல்லை, நாய்க்கு என்ன கேடு' என்கிறது. 1954ல் அடையாற்றைப் பார்த்து, சாகிறவனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்ட அதே குரல்தான், உடை மாறியிருக்கிறது. இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கார்போபிளாட்டினுக்குப் பணம் இல்லாமல் பாதியில் வைத்தியத்தை விட்ட மனிதர்களை இதே கௌண்டரில் பார்க்கிறேன். ஆனால் வாதத்தின் அடியில் ஒரு சரித்திரப் பிழை இருக்கிறது. நாயின் மருந்து, மனிதனின் மருந்து என்று இரண்டு குடங்கள் இல்லை. நாய்க்கு ஏற்றுவது மனிதனுக்கென்று தயாரித்த அதே புட்டி. 1970ன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால் 2005 வரை நம் கம்பெனிகள் அதை மலிவாகச் செய்ய முடிந்தது. அது இருவருக்கும் உதவியது. புட்டியை எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொண்டது நாயின் உடம்பில். மனிதனுக்குக் கிடைக்காததற்குக் காரணங்களை அரசாங்கத்தின் பட்ஜெட்டில் தேட வேண்டும். நாயின் தட்டில் தேடிப் பயனில்லை.

எதிர்த்தரப்பையும் விட்டுவிட முடியாது. நகரத்து நாய்ப்பிரியர் ஒருவர், எவ்வளவு செலவானாலும் நாயைப் பிழைக்க வைத்தே தீருவேன் என்கிறார். யாருக்காக? பிள்ளையிடம், இந்த வேதனையைப் பொறு, நாளை பள்ளிக்கூடம் போகலாம் என்று சொல்ல முடியும். நாய்க்கு நாளை என்பது இல்லை. இன்று வெயில், இன்று சோறு, இன்று வாசலில் காலடிச் சத்தம். அதனிடம் இன்றைக் கடனாக வாங்கி நாளையில் திருப்பித் தருவதாக யாரும் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே ஏற்றும் மருந்து அதன் இன்றைக் கெடுக்காத அளவில் இருக்கும்வரைதான் நியாயம். அதைத் தாண்டினால் நாய் மறுபடியும் கருவியாகிவிடுகிறது. முன்பு ஆராய்ச்சிக்கு, இப்போது நம் துக்கத்துக்கு. இரண்டாவது உபயோகத்துக்கு அன்பு என்று பெயர் வைத்திருப்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நம் மரபில் இதற்கு இடம் உண்டா? தருமபுத்திரன் நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வரமாட்டேன் என்றான் என்பதை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கதையில் திருப்தி இல்லை. நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது. மாறிய கணமே நாய் காணாமல் போகிறது. கடைசிவரை கூட வந்தது நாயாகவே இருந்திருந்தால் வாசலில் என்ன நடந்திருக்கும் என்பதைக் கதை சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகிறது. நவீன எழுத்திலும் நாய் பெரும்பாலும் வசையாகவோ உருவகமாகவோதான் வருகிறது. எதையாவது குறித்தால்தான் அதற்கு அனுமதி.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ம் ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காத்துச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயைச் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் காரியத்தைப் பொறித்திருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். தெய்வத்தின் மாறுவேஷம் என்று ஒரு சொல் இல்லை. நாய், இன்ன பெயர், இன்னது செய்தது. எருமைக்கும் மதிப்பு இருந்த, நாய்க்கும் பதிவு இருந்த ஒரு பேரேடு அது. பெயர் இல்லாமல் சிறுநீரகம் கொடுத்த நாய்களுக்குக் கல் நட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருக்கிறது. திருப்ப வேண்டியது என்றும், செய்ய வேண்டியது என்றும். முதல் அர்த்தத்தில் இந்தக் கணக்கை முடிக்க முடியாது, கொடுத்தவை செத்துப்போய்விட்டன. இரண்டாவது அர்த்தத்தில் கணக்கு திறந்தே கிடக்கிறது.